கிழிந்த இடத்தில் நான் எழுதிய வரி

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தபோது நான் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மர்ஹூம் ஆதம்லெவ்வை அவர்களின் மனைவியும், சவுதியில் தொழில் புரியும் றியாஸ், தாதி உத்தியோகத்தர் றிஸ்னா ஆகியோரின் தாயாருமானவர் வபாத்தானார், ஜனாஸா நல்லடக்கம் ழுஹர் தொழுகைக்குப் பின் என்று சொன்னார்கள். யாரோ ஒரு மனிசி, அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும் என்று நினைத்துவிட்டு இரண்டாவது தடவையும் சொதி ஊற்றிக்கொண்டேன். பத்து மணிபோல அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சேர், அந்தக் கிரேக்கப் பாட்டு எழுதுற ராத்தா மௌத்தாம்." காலையில் நான் கேட்டது உம்முஹானி ராத்தாவின் மரணச் செய்தி என்பது அப்போதுதான் விளங்கியது. அவருடைய கணவரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆறு வருடப் பழக்கத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். கல்முனைக்குடியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். இடையில் பதினொரு வருடம் சைப்பிரஸ் தீவில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டு அம்மையார் பழைய கிரேக்கம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண் பார்வை போய்விட்டது. பின்னேரம் ஆனால் புத்தகம் வேண்டும், வாசித்துக் காட்ட ஆள் இல்லை. வீட்டில் இருந்தது ராத்தா மட்டும்தான். முதலில் அம்மையார் அவருக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார், பிறகு சொல்லை, பிறகு பாட்டை. சமைப்பதும் குளிப்பாட்டுவதும் போக மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் வாசிப்புத்தான் நடந்திருக்கிறது. "வாசிச்சுக் குடுக்கத்தான் சம்பளம் தம்பி. விளங்கினது சும்மா கெடச்சது" என்று ராத்தா சொல்வார்.

அவர் முதன்முதலாக என்னிடம் வந்த நாளை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. கல்முனைச் சந்தைக்குப் பின்னால் உள்ள என் வீட்டின் முன்னறைதான் எங்கள் சிற்றிதழின் அலுவலகம். கல்வி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வூதியமும் ஒரு மேசையும் இருந்தால் ஆசிரியராகலாம் என்று நம்பியவர்களில் ஒருவன். ராத்தா ஒரு சி.ஆர். கொப்பியை மேசையில் வைத்து, பழைய கிரேக்கப் பாட்டுகளைத் தமிழில் எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் முதலில் கேட்டது, "யார் எழுதித் தந்தது?" என்பது. "நான்தான்" என்றார். அதோடு நான் விடவில்லை. ஒரு தாளை நீட்டி, கிரேக்கத்தில் ஏதாவது எழுதிக் காட்டுங்கள் என்றேன். அவர் சளைக்காமல் நாலு வரி எழுதித் தந்தார். நான் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன், பிறகு சரி என்பதுபோலத் தலையாட்டினேன். அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பரீட்சை வைத்தவனுக்கே பாடம் தெரியாது என்பது அவருக்கு நிச்சயம் விளங்கியிருக்கும். அவர் சிரிக்கவில்லை.

அன்று அவர் நிறையச் சொன்னார். அந்தக் காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதினார்களாம், அதனால் வாய்விட்டு வாசித்தால்தான் எது எந்தச் சொல் என்று பிடிபடுமாம். "நம்மட பன்னுப் போல தண்ணிக்குள்ள வளருற ஒரு புல்லு, அதக் கீறி ஒட்டித்தான் தாள் செஞ்சிரிக்காங்க" என்றார். பாய் இழைக்கும் பன்னைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள், அதனால் அது மட்டும் மனதில் நின்றது. எகிப்திலும் கிரேக்கம் பேசியவர்கள் வாழ்ந்தார்கள், அவர்களுடைய குப்பை மேடுகளைத் தோண்டியபோதுதான் பல பாட்டுகள் கிடைத்தன, கிழிந்தும் செல்லரித்தும் வந்தன என்றெல்லாம் சொன்னார். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அட்டைப்படத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பாட்டைக் கிரேக்கத்தில் சொல்லிக் காட்டினார். விரலால் மேசையில் தட்டி, நீட்டும் இடத்தில் நீட்டி, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. குசினிக்குள் நின்ற என் மனைவி அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டா.

"என்ன ராத்தா ஓதுறீங்க?"

"ஓதல்ல தங்கச்சி, பாட்டு. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இரிக்கும்."

"அப்ப இன்னொருக்காச் சொல்லுங்க."

மூன்று தடவை சொல்ல வைத்தா. அன்றைக்கு அந்த வீட்டில் பாட்டைக் கேட்டவர் என் மனைவி ஒருத்திதான்.

அந்த நாட்டில் வழியோரத்துக் கல்லறைகளில் இறந்தவரே பேசுவதுபோலக் கவிதை வெட்டி வைக்கும் வழக்கம் இருந்ததாம். அதைப் பற்றி அவர் சொன்னதை அப்போது ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தேன், நல்ல பேச்சாக இருக்கிறது, எங்காவது மேடையில் பாவிக்கலாம் என்று. "போற வாறவன் நிண்டு சத்தமா வாசிப்பான். அந்தக் கொஞ்ச நேரம் செத்த ஆளுக்கு வாய் வரும். வாசிக்கிறவன்ட வாயத்தான் செத்தவங்க இரவல் வாங்குறாங்க தம்பி. அதால இல்லாதத வாசிக்கப்படாது." இரண்டு கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கொப்பியிலிருந்து ஐந்து பாட்டுகளை இதழுக்கு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் இடையிடையே வெற்றிடம் இருந்தது. ஒரு வரியில் முன்பாதி இராது, இன்னொன்றில் பின்பாதி இராது. வெற்றிடத்தின் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் இலக்கம் இருந்தது. சில சொற்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறியும் இருந்தது. நான் பார்த்தவுடன் தீர்மானித்துவிட்டேன்: மனிசிக்குத் தெரியாத சொற்களின் இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறா. பாவம், வீட்டு வேலை செய்த இடத்தில் காதில் விழுந்ததுதானே, எல்லாம் எப்படித் தெரியும்? கேட்டால் கூச்சப்படுவா. நானே நிரப்பிவிட்டால் அவவுக்கும் மரியாதை, இதழுக்கும் அழகு. இப்படி நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லா வெற்றிடத்தையும் நிரப்பினேன். இலக்கங்களைப் பக்க எண் என்று நினைத்து நீக்கினேன். கேள்விக்குறி கவிதையில் அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்தப் பாட்டுகளில் ஒன்று, கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி பேசுவது. பாடியவர் யாரென்று எவருக்கும் தெரியாதாம். அதில் 'நீ போன திசையில்' என்பதற்குப் பிறகு வெறுமையாக இருந்தது. நான் 'கடல், மூடத் தெரியாத கதவு' என்று எழுதினேன்.

இதழ் அறிமுகக் கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். ஈராயிரம் வருடத்துக்கு முன் இப்படிச் சிந்தித்திருக்கிறார்களே என்று வியந்தார். மண்டபம் கைதட்டியது. மேடையில் இருந்த எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ராத்தா பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் இதழை விரித்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்த வரி நல்லாத்தான் இரிக்கி. ஆனா அது என்ட இல்ல. பாடின ஆளுடயதும் இல்ல."

"நீங்க இடம் விட்டிருந்தீங்க ராத்தா..."

"ஓம். அது கடதாசி கிழிஞ்சி போன இடம். மொத நாளே சொன்னனே. பக்கத்துல பதினொண்டு எண்டு போட்டிரிக்கன். பதினோரு எழுத்துப் போயிட்டுது எண்டு கருத்து. கொப்பியில அதுக்கு ஏத்த அகலம்தான் விட்டிரிக்கன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்குத் தெரியாத சொல்லாக்கும் எண்டு நினச்சன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வைத்தியசாலையில் வரிசை மாறி நிற்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தெரியாத இடத்துல கேள்விக்குறி போட்டிரிக்கன் தம்பி. அஞ்சு பாட்டுலயும் சேத்து மூணு இடம். அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க."

பிறகு ஒரே ஒரு காரியம் கேட்டார். அடுத்த இதழில் இரண்டு வரி போட வேண்டும்: இந்த இந்த இடங்கள் மூலத்தில் இல்லை, ஆசிரியர் சேர்த்தவை என்று. நான் போடுவதாக வாக்குக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தேன். ஆனால் அதற்குள் அந்த வரி ஊருக்குள் பரவிவிட்டது. முகநூலில் போட்டார்கள், பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சொன்னார்கள், கடற்கரைப் படத்தின் மேல் எழுதி எனக்கே அனுப்பினார்கள். கீழே ராத்தாவின் பெயர். இப்போது போய் அது நான் எழுதியது என்றால், அறியாமையில் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். மேடையில் வியந்த விரிவுரையாளருக்கும் முகம் போகும். அடுத்த இதழில் இடமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அதற்கடுத்த இதழில் நோன்புப் பெருநாள் விளம்பரம் வந்தது. ராத்தா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். மூன்றாம் தடவை வரவில்லை. புதிய பாட்டும் தரவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பியிருப்பேன். ஒரு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய மொழிகளைப் படித்த ஒரு தமிழர் எழுதியது. பாட்டின் கீழே ராத்தா கொடுத்திருந்த மூலக் குறிப்பை வைத்துத் தேடிப் பார்த்திருக்கிறார். புகழ் பெற்ற அந்த வரி மூலத்தில் இல்லை, அந்த இடத்தில் தாள் சிதைந்திருக்கிறது, இதைப் பார்த்தால் மொழிபெயர்த்தவருக்குக் கிரேக்கம் தெரியுமா என்பதே ஐயம் என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். அவர் சொன்னதில் வரியைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் அதை அப்படியே இதழில் அச்சிட்டேன். ஆசிரியர் எதையும் மறைப்பதில்லை என்று பெயர் வரட்டும் என்று நினைத்தேன். அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'மொழிபெயர்ப்பாளரின் பதிலை எதிர்பார்க்கிறோம்.' என் கையால் எழுதிய குறிப்பு அது. நான் எழுதிய வரிக்கு அவரிடம் பதில் கேட்டேன்.

அந்த வாரம் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் சத்தமாகச் சொன்னார், "சைப்பிரஸுல வீட்டு வேலை செஞ்ச மனிசிக்கு எங்கால கிரேக்கம்?" எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஏமாந்துட்டீங்க என்ன சேர்" என்றார். நான் பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அது வரவில்லை.

மனச்சாட்சி உறுத்தியதால் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அவர் பதில் எழுதப் போகிறாரா என்று அறியத்தான் போனேன். அவர் முற்றத்தில் நெல் காயப் போட்டு, காகத்துக்குக் காவல் இருந்தார். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நேரே சொன்னார்.

"நான் எழுதினா உங்களக் காட்டிக் குடுக்கணும். அது எனக்கு ஏலா. எங்கட பாட்ட ஊரு வாசிக்கத் தந்தது நீங்கதானே. அது உங்கட வாயால வரணும் தம்பி."

"போடுறன் ராத்தா."

"போடுங்க. எனக்கு அவசரமில்ல. ஆனா எனக்கு வயசு போகுது."

இதையும் அவர் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னார். நான் வெளியே வந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அவர் சொல்ல மாட்டார் என்ற நிம்மதி. என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அதன்பின் நாலு வருடம் போனது. வங்கி வாசலில் ராத்தாவைக் கண்டால் பக்கத்துச் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். நுழைந்தால் சும்மா வர முடியாது. தேவையில்லாத மூன்று சோடி செருப்பு வீட்டில் கிடக்கிறது. என் மனைவி ஏன் என்று கேட்டா, மலிவு விற்பனை என்றேன். ராத்தா என்னைக் காணாமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. கிழிந்த தாளில் அரை எழுத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு, கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நிற்கும் ஒரு தடித்த ஆளைத் தெரியாமல் போகுமா?

ஜனாஸாத் தொழுகையில் பின்வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். மகள் றிஸ்னா வெளியே வந்து தேநீர் தந்தார். எங்கள் வாசகர் வட்டத்து இளைஞர்கள் இந்த மலரைத் தயாரிப்பதாகவும், முகப்பில் 'கடல், மூடத் தெரியாத கதவு' என்ற வரியை ராத்தாவின் பெயரோடு போடப் போவதாகவும் சொல்லி, தொலைபேசியில் அதன் மாதிரியைக் காட்டினார். நான் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது.

"மாமா, ஒண்டு கேக்கணும். உம்மாக்கு உண்மையில கிரேக்கம் தெரியுமா?"

"தெரியும் மகள்."

"அப்ப அந்தக் கடிதத்துக்கு ஏன் ஒத்தரும் பதில் போடல்ல? உம்மாட்டக் கேட்டன், சிரிச்சா. மறுகா நான் கேக்கல்ல. றியாஸ் காக்கா சவுதியில இருந்து கேக்கார், உம்மா பொய்யாவா எழுதினா எண்டு. எனக்குச் சொல்லத் தெரியா. உம்மாட கொப்பி இருந்தாலாவது ஆரிட்டயும் காட்டலாம். வீடு முழுக்கத் தேடிட்டன். உங்கள்ட்ட இரிக்கா?"

"தேடிப் பாக்கிறன்" என்றேன்.

தேட ஒன்றுமில்லை. கொப்பி என் அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. முதல் நாள் வாங்கியது, திருப்பிக் கொடுக்கவே இல்லை. பெற்ற பிள்ளைகள் தாயைச் சந்தேகித்துக்கொண்டு தாய்க்காக யாசீன் ஓதுகிறார்கள், அந்தச் சந்தேகத்தை உண்டாக்கிய நான் அவர்களுடைய கதிரையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு இன்னுமொரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ எழுந்து போய் இந்தத் தாளையும் பேனையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தா.

மலரைத் தயாரிக்கும் தம்பிமாருக்கு: முகப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது ராத்தா எழுதியதல்ல. நான் எழுதியது. பதிலாக, கொப்பியில் உள்ளபடியே பாட்டை இங்கே தருகிறேன். ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை.

இன்றும் சந்தைக்குப் போகவில்லை .......... (7)
(5) ....... கயிறு காய்ந்து கிடக்கிறது
நீ போன திசையில் ................ (11)
அண்டை வீட்டாள் கேட்டால்
காய்ச்சல் (?) என்று சொல்வேன் ............ (9)

வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதிய அன்பருக்கு: நீங்கள் கண்ட பிழை என்னுடையது. உங்கள் கடிதத்துக்கு நாலு வருடம் பிந்திய பதில் இது. தாள் சிதைந்திருக்கிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில், ராத்தா பதினொன்று என்று எழுதி வெறுமையாகத்தான் விட்டிருந்தார். கொப்பியின் படத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன்.

றிஸ்னா மகள், இது உங்களுக்கு. மலர் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம், இதன் பிரதியை இன்றிரவே உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் உம்மாவுக்குக் கிரேக்கம் தெரியும். ஐந்து பாட்டுகளில் அவருக்குத் தெரியாமல் போன சொற்கள் மூன்று. அந்த மூன்றையும் அவரே அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். காக்கா கேட்டால் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். அவர் பொய் எழுதவில்லை. பொய் எழுதியவன் நான், அதை அவர் பெயரில் போட்டவனும் நான். நாளைக் காலை கொப்பியோடு வருகிறேன். உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

அதைக் கொடுத்த பிறகு ராத்தாவுடைய பொருள் என்று என் வீட்டில் ஒன்றும் இராது. இந்த வெட்கம் மட்டும் இருக்கும். அதை என் பெயரிலேயே போட்டுக்கொள்கிறேன்.